பெயரும் ஒரு முதல்

வணிகனுக்குப் பெயரும் ஒரு முதலாகும். அம்முதலுக்கு இணையத்திலும் காப்பு உண்டா என்னும் வினா பெங்களூரில் எழுந்தது.

சத்யம் இன்ஃபோவே நிறுவனம் 1999ஆம் ஆண்டில் ‘சிஃபிநெட்’ முதலிய இணைய முகவரிகளைப் பதிந்தது. ஆங்கிலத்தில் ஓரெழுத்தே மிகுந்து, அதே ஒலியுடைய முகவரியை மற்றொரு நிறுவனம் 2001இல் மேற்கொண்டது. நிறுவியோர் ஐவர் பெயர்களின் முதலெழுத்துத் தொகுப்பே அது என வாதிட்டது.

பெங்களூர் நகர உரிமையியல் நீதிமன்றம் தடை விதித்தது. தொழில்கள் வெவ்வேறு எனக் கருதிக் கர்நாடக உயர்நீதிமன்றம் அதனை நீக்கியது. 2004 மே 6ஆம் நாள் உச்சநீதிமன்றம் தடையை மீண்டும் நிலைநாட்டியது. இணைய முகவரி வெறும் விலாசமன்று. வணிகப் பெயர்க்குரிய காப்பு அதற்கும் உண்டு என்பதே தீர்ப்பு.

நேயர்களே, வெளிமாநிலத்தில் தொழில் தொடங்கும் நாம், பெயர்ப்பலகை எழுதுமுன், அப்பெயரை முன்னரே ஆள்பவர் உண்டா எனத் தேடிப் பார்த்தல் நலம்.