கப்பல் வேண்டாம்ணே!

தூத்துக்குடி. ஞாயிறு மதியம். கையில பழைய பேப்பர், முன்னாடி ஏழு வாண்டுகள்!

கான்பூர் ஐ.ஐ.டி-யில படிச்ச அரவிந்த் குப்தா, காகிதம் மடிச்சே பிள்ளைகளுக்கு அறிவியல் சொன்னவர். 2018-ல பத்மஸ்ரீ. நாமளும் இன்ஜினீயரிங்தானேன்னு கெத்தா உட்கார்ந்தேன்.

தாளைப் பாதியா மடிச்சு, மூலை ரெண்டையும் நடுவுல சேர்த்து, அடிப்பட்டைகளை மேலே ஏத்தினா தொப்பி. அதையே விரிச்சு, மடிச்சு, காதுகளை இழுத்தா கப்பல். ''தோணி மாதிரி இல்லியேண்ணே'' - ஒரு பொடியன் கலாய்ச்சான். துறைமுகத்துப் பிள்ளையாச்சே!

ஒரு சிறுமி மட்டும் தாளைத் தொடல. ''கப்பல் வேண்டாம்ணே. 2023 வெள்ளத்துல வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சுல்லா...''

எனக்குப் பேச்சே வரல. ''அப்ப தொப்பியோட நிறுத்திக்குவோமா?''

மாட்டிக்கிட்டா. அப்புறம் மெழுகுவத்தி எடுத்து, மத்தவங்க கப்பலுக்கெல்லாம் அடியில தேய்ச்சுவிட்டா.

''ஊறிரக்கூடாதுல்லா!''