புயல் காலம்: எச்சரிக்கை வெளியானதும் குடும்பங்கள் செய்ய வேண்டியவை என்ன?

ஒடிசாவின் பாராதீப் அருகே 1999-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் தேதி கரையைக் கடந்த சூப்பர் புயலில் சுமார் 10 ஆயிரம் பேர் உயிரிழந்தனர். அதே மாநிலத்தின் புரி அருகே 2019-ஆம் ஆண்டு மே 3-ஆம் தேதி மணிக்கு 170 கி.மீ.-க்கும் அதிகமான வேகத்தில் ஃபானி புயல் கரையைக் கடந்தபோது, அங்கு உயிரிழந்தோர் எண்ணிக்கை 64. ஃபானி, 1999 புயலைவிட வலு குறைந்தது என்றாலும், சுமார் 12 லட்சம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டதே உயிரிழப்பு பெருமளவு குறைந்ததற்கு முக்கியக் காரணம்.

ஆனால், காற்று ஓய்ந்த பிறகுதான் புரி மக்களின் சிரமம் தொடங்கியது. மின்கம்பங்கள் சாய்ந்ததால் பல பகுதிகள் வாரக்கணக்கில் இருளில் மூழ்கின. குடிநீர் விநியோகமும் தொலைத்தொடர்பும் முடங்கின. ஏடிஎம் மையங்கள் செயல்படவில்லை. எனவே, புயல் வீசும் சில மணி நேரத்துக்கு மட்டுமன்றி, அதன் பின் வரும் நாள்களுக்கும் சேர்த்தே தயாராக வேண்டும்.

பருவத்துக்கு முன்பு...

வட இந்தியப் பெருங்கடலில் ஏப்ரல்-ஜூன், அக்டோபர்-டிசம்பர் என ஆண்டுக்கு இருமுறை புயல் காலம் வருகிறது. அதற்கு முன்பே கூரை, கதவு, ஜன்னல்களைப் பழுதுபார்த்து, வீட்டை ஒட்டிய பட்டுப்போன கிளைகளை வெட்டிவிட வேண்டும். அருகிலுள்ள புயல் பாதுகாப்பு மையத்துக்குச் செல்லும் வழியைக் குடும்பத்தில் அனைவரும் அறிந்திருப்பது அவசியம்.

எச்சரிக்கையின் நான்கு நிலைகள்

இந்திய வானிலை ஆய்வு மையம் நான்கு நிலைகளில் எச்சரிக்கை வெளியிடுகிறது. வீட்டுப் பணிகளையும் அதற்கேற்பப் பிரித்துக் கொள்ளலாம்.

72 மணி நேரத்துக்கு முன்பு: மருந்துகள், உலர் உணவு, மின்கல விளக்கு, பேட்டரி வானொலி ஆகியவற்றைச் சரிபார்த்து, கையில் போதிய ரொக்கம் வைத்துக் கொள்ள வேண்டும்.

48 மணி நேரத்துக்கு முன்பு (மஞ்சள்): ஆதார், நிலப் பத்திரம், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை நீர் புகாத உறையில் வைக்க வேண்டும். மூடியுள்ள பாத்திரங்களில் பல நாள்களுக்குப் போதுமான குடிநீரைச் சேமிக்க வேண்டும்.

24 மணி நேரத்துக்கு முன்பு (ஆரஞ்சு): கைப்பேசிகளை முழுமையாக சார்ஜ் செய்து, காற்றில் பறக்கக்கூடிய பொருள்களை உள்ளே எடுத்து வைக்க வேண்டும். தாழ்வான பகுதிகளிலும் குடிசைகளிலும் வசிப்போர், அதிகாரிகள் அறிவுறுத்தியவுடன் வெளியேற வேண்டும். கால்நடைகளைக் கட்டிவைத்துவிட்டுச் செல்லக் கூடாது.

12 மணி நேரத்துக்கு முன்பு (சிவப்பு): மின் இணைப்பையும் எரிவாயு உருளையையும் மூடிவிட்டு, உறுதியான கட்டடத்துக்குள் இருக்க வேண்டும்.

திடீர் அமைதி ஆபத்தானது

புயலின் கண் பகுதி கடக்கும்போது காற்று திடீரென அடங்கும். புயல் ஓய்ந்துவிட்டதாகக் கருதி வெளியே வரக் கூடாது. சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் பலத்த காற்று வீசும். புயல் முழுமையாகக் கடந்துவிட்டதாக அதிகாரபூர்வ அறிவிப்பு வரும் வரை காத்திருக்க வேண்டும்.

கடந்த பிறகு...

அறுந்து கிடக்கும் மின்கம்பிகளின் அருகே செல்லக் கூடாது. தண்ணீரைக் கொதிக்க வைத்தே பருக வேண்டும். ஜெனரேட்டரை வீட்டுக்குள் இயக்கினால் அதன் நச்சுப்புகை உயிரைப் பறிக்கக்கூடும். அவசர உதவிக்கு 112 என்ற எண்ணையும், மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.