துறைமுகத்துத் துருவும் பற்றீரியாவின் இரும்புக் களஞ்சியமும்



திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் வாழும் நமக்குத் துருவை அறிமுகம் செய்யத் தேவையில்லை. நங்கூரச் சங்கிலி, வள்ளத்து ஆணி, சீனன்குடாவில் பிரித்தானியர் காலத்தில் கட்டப்பட்ட எண்ணெய்த் தாங்கிகள் என எங்கும் அதைக் காண்கிறோம். இரும்பு துருப்பிடிக்க நீரும் ஒட்சிசனும் தேவை. உப்பு அதை விரைவுபடுத்தும். துரு என்பது நீரேறிய பெரிக்கு ஒட்சைட்டு என்பதையும் நீங்கள் அறிவீர்கள். இதே வகைப் பொருளைப் பற்றீரியா ஒன்று தன் கலத்துக்குள் தானே உருவாக்கிச் சேமித்து வைக்கிறது என்றால் நம்புவீர்களா?

பள்ளிக் காலத்தில் நானும் பெரசு, பெரிக்கு என்பவற்றை வெறும் பெயர்களாகவே பாடமாக்கினேன். பெரசு +2, பெரிக்கு +3, அவ்வளவுதான். அந்த ஓர் இலத்திரன் வித்தியாசம் ஓர் உயிரியின் வாழ்வையே தீர்மானிக்கிறது என்று தெரிந்திருந்தால் மறந்திருக்க மாட்டேன். கீழே வரும் புரதத்தின் பெயர் உங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. ஆனால் அதை விளங்கிக்கொள்ளத் தேவையான அயன், ஒட்சியேற்றம், வலுவளவு ஆகிய மூன்றும் உங்கள் பாடத்தில் உள்ளவையே.

1. இரும்பு ஏன் தேவை? ஏன் ஆபத்து?

பற்றீரியாவின் சுவாசத்துக்கு வேண்டிய பல புரதங்கள் இரும்பு இல்லாமல் தொழிற்படா. ஆனால் பெரசு அயன் கலத்துக்குள் கட்டின்றித் திரிந்தால், அங்குள்ள ஐதரசன் பேரொட்சைட்டுடன் தாக்கமுற்று ஐதரொட்சில் மூலிகம் என்னும் துணிக்கையை உண்டாக்கும். இது டீ.என்.ஏ. உட்பட எதிர்ப்படும் எதையும் சிதைக்கும். மறுபுறம், ஒட்சிசன் உள்ள சாதாரண நீரில் பெரசு அயன் பெரிக்காக மாறிக் கரையாமற் படிந்துவிடும். ஒன்று நஞ்சு, மற்றது எடுக்க முடியாத படிவு. ஆகவே இரும்பைப் பூட்டி வைத்து, வேண்டியபோது திறக்கக்கூடிய ஒரு களஞ்சியம் தேவைப்படுகிறது.

2. களஞ்சியத்தின் அமைப்பு

ஈ. கோலை போன்ற பற்றீரியாக்களில் உள்ள இக்களஞ்சியத்தின் பெயர் பற்றீரியோபெரிற்றின். இது 24 புரத அலகுகள் சேர்ந்து அமைந்த உட்குழிவான கோளம். வெளிவிட்டம் ஏறத்தாழ 12 நனோமீற்றர், உட்குழியின் விட்டம் ஏறத்தாழ 8 நனோமீற்றர். ஒரு மில்லிமீற்றர் நீளத்தில் இத்தகைய கோளங்கள் 80,000 அளவில் வரிசையாக நிற்கலாம். நமது ஈமோகுளோபினில் உள்ளது போன்ற ஈம் தொகுதிகள் 12 இதில் உள்ளன. இரண்டு அலகுகளுக்கு ஒன்று என்ற கணக்கு.

3. அயன் எவ்வாறு பிணைகிறது?

படி 1: கோளத்தின் சுவரில் நுண்ணிய வாயில்கள் உள்ளன. நேரேற்றமுள்ள பெரசு அயன் இவ்வழியாக உள்ளே செல்கிறது.

படி 2: ஒவ்வோர் அலகின் நடுவிலும் இரண்டு இரும்பு அயன்கள் அமரக்கூடிய ஓர் இருக்கை உண்டு. குளுற்றாமிக் அமிலத்தின் மறையேற்றமுள்ள ஒட்சிசன்களும் ஹிஸ்ரிடினின் நைதரசனும் அங்கே அயனைப் பற்றிப் பிடிக்கின்றன. எதிரேற்றங்கள் கவரும் என்று நீங்கள் படித்த விதியே இங்கும் வேலை செய்கிறது.

படி 3: அமர்ந்த இரு பெரசு அயன்களும் ஒவ்வோர் இலத்திரனை இழந்து பெரிக்கு ஆகின்றன. இலத்திரனை இழத்தல் ஒட்சியேற்றம். அந்த இலத்திரன்களை ஒட்சிசனோ ஐதரசன் பேரொட்சைட்டோ ஏற்கிறது. இதனால் தீங்கு செய்யவல்ல பேரொட்சைட்டும் செலவாகிவிடுகிறது.

படி 4: ஈ. கோலையில் இவ்விரு இரும்பும் இருக்கையிலேயே தங்கி, உட்குழிக்குள் வந்துள்ள மற்றப் பெரசு அயன்களின் இலத்திரன்களை வாங்கிக் கடத்துகின்றன. உள்ளே உள்ளவை பெரிக்காக மாறி, துருவை ஒத்த கனிமமாகப் படிகின்றன. ஒரு கோளத்தினுள் இவ்வாறு ஆயிரக்கணக்கான இரும்பு அணுக்கள் சேமிக்கப்படலாம்.

இரும்பு மீண்டும் தேவைப்படும்போது ஈம் தொகுதியின் வழியாக இலத்திரன் உள்ளே செல்கிறது. பெரிக்கு தாழ்த்தப்பட்டுப் பெரசு ஆகிக் கரைந்து வெளியேறுகிறது.

4. இருக்கையில் வேறு உலோகம் அமர்ந்தால்?

நாக அயனின் ஏற்றமும் +2. அதுவும் இவ்விருக்கையில் உறுதியாகப் பிணையும். ஆனால் சேர்வைகளில் நாகத்தின் வலுவளவு 2 மட்டுமே. அது +3 ஆக மாறாது. பஸ்ஸில் ஒருவர் இருக்கையைப் பிடித்துக்கொண்டு இறங்க மறுப்பதுபோல, நாகம் இலத்திரனைக் கொடுக்காமலும் வாங்காமலும் அமர்ந்திருக்கும். இரும்பைச் சேமிக்கும் வேலை தடைப்படும். கோபாற்று அயனும் இங்கே பிணையக்கூடியது. அதற்கு நிறம் உண்டு; பிணையும்போது அது ஒளியை உறிஞ்சும் விதம் மாறும். இதைக்கொண்டு, ஓர் அலகுக்கு இரண்டு அயன்கள் அமரும் இடம் எது என்பதை 1990களில் ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர்.

5. நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நமது உடலிலும் 24 அலகுகள் கொண்ட பெரிற்றின் உண்டு. அதில் ஏறத்தாழ 4500 இரும்பு அணுக்கள் வரை அடங்கும். குருதிச்சோகை இருப்பதாக ஐயம் ஏற்படும்போது வைத்தியர் பெரிற்றின் அளவைச் சோதிக்கச் சொல்வது, களஞ்சியத்தில் எவ்வளவு இரும்பு மிஞ்சியிருக்கிறது என்று அறியவே. உங்களில் யாருக்கேனும் அடிக்கடி களைப்பும் மூச்சு வாங்குதலும் இருந்தால், அதைப் பரீட்சைப் பயம் என்று ஒதுக்கிவிடாமல் வீட்டில் சொல்லுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. பெரசு அயன் பெரிக்கு அயனாக மாறுதல் ஒட்சியேற்றமா, தாழ்த்தலா? காரணம் தருக.
2. நாக அயன் இரும்பின் இருக்கையில் அமர்ந்தும் இரும்பின் வேலையைச் செய்ய முடியாதது ஏன்?
3. துறைமுகத்துச் சங்கிலியில் துரு உண்டாதலுக்கும் பற்றீரியாவின் களஞ்சியத்தில் இரும்பு படிதலுக்கும் இடையே ஓர் ஒற்றுமையும் ஒரு வேற்றுமையும் எழுதுக.

மூன்றாம் வினாவுக்குக் குறிப்பு: இரண்டிலும் இரும்பு இலத்திரனை இழந்து நீரேறிய பெரிக்கு ஒட்சைட்டு வகைப் பொருளாகிறது. சங்கிலியில் இரும்பு வீணாகிறது. களஞ்சியத்தில் அது மீண்டும் எடுக்கத்தக்கதாக இருக்கிறது. விடையை உங்கள் சொந்த வசனத்தில் எழுதிப் பாருங்கள். காரணம் விளங்கியிருந்தால் வசனம் தானாக வரும்.