முதலாண்டு எம்.பி.பி.எஸ்.: ஆறு மாதத்தில் அறிய வேண்டியவை

இந்தியாவில் எம்.பி.பி.எஸ். என்பது நான்கரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டு பயிற்சி மருத்துவர் பணியும் சேர்ந்தது. முதலாண்டில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகிய மூன்றும் முதன்மைப் பாடங்கள். பல்கலைக்கழகத் தேர்வு ஆண்டின் இறுதியில் வரும். ஏறத்தாழ ஆறு மாதம் முடியும்போது ஓரிரு இன்டர்னல் தேர்வுகள் நடந்திருக்கும். தவறுகளைத் திருத்திக்கொள்ள அவகாசமும் மீதமிருக்கும். படித்த முறையைச் சீர்தூக்கிப் பார்க்க ஏற்ற நேரம் அதுவே.

பள்ளியில் முதலிடம் பெற்றவர்கள்கூட முதல் இன்டர்னலில் மதிப்பெண் குறைந்து கலங்குவது உண்டு. இதற்குத் தேர்வுமுறை ஒரு முக்கியக் காரணம். நீட் தேர்வில் கொடுக்கப்பட்ட நான்கு விடைகளில் சரியானதை அடையாளம் கண்டால் போதும். மருத்துவக் கல்லூரியிலோ விடையைத் தானே எழுத வேண்டும், படம் வரைய வேண்டும், வைவாவில் ஆசிரியர் முன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பார்த்தால் தெரிகிறது என்பது இங்கே போதாது. நினைவிலிருந்து எடுத்துச் சொல்ல வர வேண்டும்.

பிரேக்கியல் பிளெக்ஸஸ் எனும் நரம்புப் பின்னல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் இப்பின்னல் ஐந்து வேர்களில் தொடங்கி, மூன்று தண்டுகளாகி, ஆறாகப் பிரிந்து, மூன்று வடங்களாகச் சேர்ந்து, ஐந்து முக்கியக் கிளைகளில் முடிகிறது. புத்தகப் படத்தில் நரம்பு மஞ்சள், தமனி சிவப்பு. உடலை அறுத்துப் பயிலும் வகுப்பில், அக்குளில் கொழுப்பை விலக்கித் தேடும்போது இரண்டுமே வெளிறிய நிறத்தில் இருக்கும். விரலால் உருட்டிப் பார்த்து, கெட்டியாக இருப்பது நரம்பு, குழாய்போல் உள்ளீடற்று இருப்பது தமனி என்று பிரித்தறியப் பழகுவது உண்மையான முன்னேற்றம். பிரசவத்தில் தோள் சிக்கிய குழந்தையின் கை துவண்டு தொங்குவதற்கு மேல் இரு வேர்கள் பாதிக்கப்பட்டதே காரணம் என்று விளக்க முடிந்தால், பாடம் மருத்துவமாகிவிட்டது எனலாம்.

படிக்கும் முறையைப் பற்றி ஆய்வுகளும் தெளிவாகப் பேசுகின்றன. ரோடிகர், கார்ப்பிக் ஆகிய அமெரிக்க உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முந்தினர். ஒரு வாரம் கழித்து நடந்த சோதனையிலோ, படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினர். பலமுறை வாசித்தும் வைவாவில் பதில் வராமல் தவிப்பவர்கள் முதலில் மாற்ற வேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான்.

மதிப்பெண்ணோடு வேறு சிலவற்றையும் சரிபார்க்க வேண்டும். தேர்வெழுத வகுப்பில் 75 சதவீதமும் செய்முறையில் 80 சதவீதமும் வருகை தேவை. ரெக்கார்டு, லாக் புக் ஆகியவற்றைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிவைத்தால், படிக்க வேண்டிய நேரத்தை அவை விழுங்கிவிடும். 2019 முதல் நடைமுறையில் உள்ள பாடத்திட்டம் நோயாளியிடம் பேசும் முறை, மருத்துவ அறநெறி ஆகியவற்றையும் முதலாண்டிலேயே கற்பிக்கிறது. இவற்றை ஒப்புக்கு முடிக்கும் பாடங்களாக எண்ணக் கூடாது.

தமிழ்நாட்டில் 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளி மாணவர்கள் மருத்துவம் படிக்கின்றனர். தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்குப் பாடத்தோடு ஆங்கிலமும் சுமையாகிறது. கருத்தை முதலில் தமிழில் விளங்கிக்கொண்டு, பிறகு ஆங்கிலக் கலைச்சொற்களில் எழுதிப் பழகுவது பலன் தரும். தூக்கமின்மை, தொடர் சோர்வு, அழுகை போன்றவை இருந்தால் ஆசிரியரிடமோ மூத்த மாணவரிடமோ தயங்காமல் பேச வேண்டும். டெலிமானஸ் எனும் அரசின் இலவச மனநல உதவி எண் 14416.

முதலாண்டுத் தேர்வை அதிகபட்சம் நான்கு முறை எழுதலாம். தவறியவர்களுக்குத் துணைத் தேர்வும் உண்டு. ஒரு இன்டர்னலில் பின்தங்கியதால் யாரும் மருத்துவராகும் தகுதியை இழப்பதில்லை. எங்கே தவறினோம் என்று கண்டு, மீதமுள்ள மாதங்களில் படிக்கும் முறையை மாற்றிக்கொள்பவருக்கு அந்தக் குறைந்த மதிப்பெண்ணும் பயன்பட்டதாகவே பொருள்.