வசனம் பேசாத பிள்ளையார்

செருப்பை இங்கேயே கழற்றிவிடுங்கள். நாய்கள் வந்து முகர்ந்து பார்க்கும், பயப்பட வேண்டாம். இந்த வளாகத்தில் வரவேற்புக் குழு அவைதான்! ஆரோவில் பக்கத்தில், எடையன்சாவடி சாலையோரம், செம்மண்ணும் மரங்களுமாக இருக்கும் இந்த இடத்துக்குப் பெயர் ஆதிசக்தி. நாடகம் பார்க்க வருகிறவர்கள் விளக்கு போட்ட பிறகு முன்வாசல் வழியாக வருவார்கள். நாம் காலையிலேயே பின்பக்கமாக நுழைந்துவிட்டோம். மலாக்காவின் தஞ்சோங் கிளிங்கில் கோயில் திருவிழா மேடையின் பின்திரையை விலக்கி, ராஜா வேஷக்காரர் பீடி பிடிப்பதை எட்டிப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும், அந்தக் குறுகுறுப்பு எப்படிப்பட்டது என்று.

சத்தம் போடாமல் வாருங்கள். உள்ளே களரிப் பயிற்சி நடக்கிறது. தரையோடு தரையாகப் படிந்து, சட்டென்று எம்பி, காலைத் தலைக்கு மேலே வீசுகிறார்கள். மூச்சுச் சத்தமும் பாதம் தரையில் படும் சத்தமும்தான் கேட்கின்றன. சற்று நேரத்திலேயே தரையில் வேர்வைத் திட்டுகள். ஒருவர் வழுக்கி உட்கார்ந்துவிட, பக்கத்தில் இருந்தவர் வாய்விட்டுச் சிரித்தபடி ஒரு பழந்துணியைக் காலாலேயே தள்ளி அந்த இடத்தைத் துடைக்கிறார். விழுந்தவரும் சிரிக்கிறார். பயிற்சி நிற்கவே இல்லை. மேடையில் இவர்கள் காற்றில் மிதப்பதுபோல் நடக்கிறார்களே, அந்த நடை இந்த ஈரத் தரையிலிருந்துதான் வருகிறது.

அடுத்த மூலையைப் பாருங்கள். ஓர் இளம் பெண் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் விழிகளை மட்டும் மேலே, கீழே, வட்டமாக ஓட்டிக்கொண்டிருக்கிறாள். கண்ணில் நீர் கொட்டுகிறது. அழுகை இல்லை, பயிற்சி. கேரளத்துக் கூடியாட்டக் கலைஞர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் சாதகம் இது. ஒரு மலையை, ஒரு யானையை, தூரத்தில் வரும் பகைவனை, வெறும் கண்ணாலேயே மேடைக்குக் கொண்டுவர அவர்களால் முடியும். யுனெஸ்கோ 2001-இல் கூடியாட்டத்தை மனிதகுலத்தின் அரும்பெரும் கலைச்செல்வமாக அறிவித்தது. அந்தக் கலையின் நரம்பு ஒன்று இங்கே, தமிழ்நாட்டுச் செம்மண்ணில், புது நாடகத்துக்குள் துடித்துக்கொண்டிருக்கிறது.

இதற்கெல்லாம் தொடக்கம் வீணாபாணி சாவ்லா. மும்பையில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். 1981-இல் அங்கேயே ஆதிசக்தியைத் தொடங்கினார். பிறகு ஸ்ரீ அரவிந்தரின் எழுத்து அவரைப் புதுச்சேரிப் பக்கம் இழுத்தது. 1993-இல் குழுவோடு இங்கு வந்து சேர்ந்தார். களரி கற்றார், கூடியாட்டம் கற்றார், சாவ் நடனம் கற்றார். எதையும் அப்படியே எடுத்து மேடையில் ஒட்டவைக்காமல், உடம்பு எப்படிக் கதை சொல்கிறது என்ற ஒரே கேள்வியோடு ஆண்டுக்கணக்காகத் தோண்டினார். 2014-இல் அவர் மறைந்தார். இன்று அவருடைய மாணவர் வினய்குமார் கலை இயக்குநராக இருந்து நடத்துகிறார். நிம்மி ரஃபேல் போன்றவர்கள் இங்கேயே வளர்ந்து, நடித்து, இப்போது தாங்களே நாடகம் எழுதி இயக்குகிறார்கள்.

சரி, உங்களை அழைத்து வந்தது முக்கியமாக இதைக் காட்டத்தான். மிழாவு!

பெரிய செம்புக் குடம். வாய் மட்டும் சிறியது. அந்த வாயில் தோலை இறுக்கிக் கட்டி, குடத்தை மரச்சட்டத்தில் நிறுத்தி, வெறும் இரு கைகளாலும் அடிக்கிறார்கள். திருவாரூர் கோயிலின் பஞ்சமுக வாத்தியத்தைப் பார்த்தவர்கள் இதை உடனே உறவுக்காரன் என்று அடையாளம் கண்டுகொள்வார்கள். கேரளத்தில் மிழாவை ஒரு பிரம்மச்சாரியாகவே நடத்துவது மரபு. பூணூல் சடங்கு உண்டு, பழுதாகி வாசிக்க முடியாமல் போனால் மனிதருக்குச் செய்வதுபோல ஈமக்கடனும் உண்டு. கோயில் கூத்தம்பலத்தில் நம்பியார் குலத்து ஆண்கள் மட்டுமே வாசித்துவந்த கருவி அது. இங்கே பெண்களும் அதன் முன் உட்கார்ந்து முழங்குகிறார்கள். அந்தக் காட்சிக்காகவே ஒரு தடவை கடல் தாண்டி வரலாம்.

கை வலிக்காதா என்று ஓர் அக்காவிடம் கேட்டேன். பதில் சொல்லவில்லை. உள்ளங்கையை விரித்துக் காட்டினார். விரல் அடிகளில் காய்ப்பு ஏறி, ரப்பர் தோட்டத்தில் காலமெல்லாம் பால் வெட்டிய நம் பாட்டிமாரின் கை மாதிரியே இருந்தது.

இந்த மிழாவுகளை வைத்துத்தான் 2000-இல் 'கணபதி' நாடகம் உருவாயிற்று. பிள்ளையார் பிறக்கிறார், கொண்டாடப்படுகிறார், கரைக்கப்படுகிறார், மறுபடியும் பிறக்கிறார். வசனம் மிகக் குறைவு. கதையைச் சொல்வது தாளம்தான். கேள்வி ஒரு மிழாவிலிருந்து எழுந்தால் பதில் இன்னொன்றிலிருந்து வரும். கோபம் வந்தால் விரல்கள் வேகம் பிடிக்கும். தயக்கம் என்றால் அடிக்கப் போன கை தோலுக்கு மேலேயே நின்றுவிடும். அந்த நிறுத்தத்தில் கூடம் முழுக்க மூச்சை அடக்கிக்கொள்கிறது. நானும்தான்!

வசனம் இவ்வளவு குறைவான நாடகத்துக்கு எப்படி ஒத்திகை பார்ப்பார்கள் என்று உங்களுக்கும் ஆவலாக இருக்கும். வாயால்தான்! கருவியைத் தொடுவதற்கு முன் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து சொற்கட்டுகளைச் சொல்லிப் பார்க்கிறார்கள். தகதிமி ஓடுகிறது, தொடையில் தட்டு விழுகிறது, தலைகள் ஆடுகின்றன. ஓரிடத்தில் அரைத் தட்டு விலகிவிடுகிறது. உடனே எல்லாக் கண்களும் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொள்கின்றன. மறுபடி முதலிலிருந்து. மறுபடியும் அதே இடத்தில் விலகல். கடைசியில் விட்டவர் தானே கையைத் தூக்கிவிட, ஆளாளுக்கு அவர்மேல் துண்டை வீசுகிறார்கள். அடுத்த தடவை சேர்ந்து விழுகிறது அந்த அடி. கூரை அதிர்கிறது.

கொஞ்சம் கால்வைக்கும் இடம் பார்த்து வாருங்கள். வேர்வைத் துண்டுகள், தண்ணீர் பாட்டில்கள், தைலக் குப்பி, பக்கம் மடங்கிய நோட்டுப் புத்தகம், முடிச்சு அவிழ்ந்த சலங்கை. பார்வையாளர் பார்க்கும்போது மேடை துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். இவை ஒன்றும் அங்கே இருக்காது.

இந்த வளாகத்தில் ஒரு நீச்சல் குளமும் இருக்கிறது. நடிகர்களுக்கு எதற்குக் குளம்? பயிற்சிக்குத்தான். தண்ணீரில் உடம்பின் எடை குறைந்துவிடும், மூச்சு ஒன்றுதான் நம் கையில் இருக்கும். ஆதிசக்தியின் பாடத்தில் எல்லாமே மூச்சிலிருந்துதான் தொடங்குகிறது. சோகத்துக்கு ஒரு மூச்சு, வீரத்துக்கு ஒரு மூச்சு, அருவருப்புக்கு இன்னொன்று. மூச்சு மாறினால் முகம் தானாக மாறும் என்கிறார்கள். பக்கத்தில் நின்று பார்த்தேன். மூக்கு விடைக்கிறது, நெஞ்சு ஒரு தடவை ஏறி இறங்குகிறது, அதற்குள் அங்கே நிற்பது வேறு ஆள். இதை எழுதும்போதும் எனக்குச் சிலிர்க்கிறது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் உண்மையான வேடிக்கை. காலை முழுக்க ஒரு சொல் பேசாமல் கதை சொன்னவர்கள் தட்டைக் கையில் எடுத்ததும் மடை திறந்துவிட்டார்கள். மலையாளம், தமிழ், ஆங்கிலம் எல்லாம் கலந்து ஓடுகிறது. பாதிச் சொற்கள் எனக்குப் பிடிபடவில்லை, சிரிப்பு மட்டும் பிடிபட்டது. மலாக்காக்காரர்களுக்கு இது புதிதா என்ன? நம் கோப்பிக் கடை மேசையிலும் தினமும் நடப்பது இதுதானே.

அங்கே சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோதுதான் எனக்கு நம்மூர் நினைவு வந்தது. மலாக்காவில் தட்டார் வீதியில் 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் இருக்கிறது. மலேசியாவின் மிகப் பழைய இந்துக் கோயில்களில் ஒன்று. அந்தத் தெருவிலேயே பள்ளிவாசல், சற்றுத் தள்ளிச் சீனக் கோயில். எல்லா மொழிக்காரர்களும் தோளோடு தோள் உரசி நடக்கும் தெரு அது. ஆனால் நம் தமிழ் நாடக மேடை அந்தத் தெருவில் நடப்பவர்களை உள்ளே அழைக்கவில்லை. நம் நாடகங்கள் வசனத்தில் வாழ்கின்றன. வசனத்தை நானும் விரும்பிக் கேட்பேன், அதற்காகக் கைதட்டி வளர்ந்தவன்தான். ஆனால் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவுக்கும் எதிர்க்கடைச் சீன முதலாளிக்கும் அதில் இடமில்லை.

சிங்கப்பூரில் நாடகாசிரியர் குவோ பாவ் குன் 1988-லேயே ஒரு நாடகத்தில் இந்த மொழிச் சிக்கலைத் தொட்டுவிட்டார். காணாமல் போன பூனையைத் தேடும் ஒரு சீனத் தாயின் கதை அது. வழியில் ஒரு தமிழ்ப் பெரியவரைச் சந்திக்கிறாள். அவருக்கும் பூனைதான் கவலை. அவள் பேச்சு அவருக்குப் புரியாது, அவர் பேச்சு அவளுக்குப் புரியாது. கையாலும் முகத்தாலும் பேசியே இருவரும் ஒருவரையொருவர் முழுக்கப் புரிந்துகொள்கிறார்கள். அந்த நாடகத்தில் அதைவிட நெருக்கமான உரையாடல் வேறு இல்லை. நம் பக்கத்தில் உருமி மேளம் அடிக்கும் பையன்கள் எத்தனை பேர்! தாளம் அவர்கள் ரத்தத்தில் இருக்கிறது. அந்தத் தாளத்துக்கு ஒரு கதையைக் கொடுத்தால் தஞ்சோங் கிளிங் மண்டபத்தில் எல்லா இனத்தாரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கலாம். இது நடக்கக்கூடிய காரியம் என்று அந்தக் கூடத்தைப் பார்த்த பிறகு உறுதியாக நம்புகிறேன்.

மாலை ஆயிற்று. விளக்குச் சரிபார்க்க ஆள் ஏறுகிறார், தரையைத் துடைக்கிறார்கள், துண்டுகளெல்லாம் மறைந்துவிட்டன. நாம் கிளம்புவோம், அவர்களுக்கு வேலை இருக்கிறது.

ஆதிசக்தியின் பயிற்சிப் பட்டறைகள் வெளியாருக்கும் உண்டு. அங்கேயே தங்கி, களரியும் மூச்சும் தாளமும் கற்றுக்கொண்டு வரலாம். மலாக்கா நாடக மன்றத்தாரே, கோயில் இளைஞர் குழுவினரே, அடுத்த பட்டறைக்கு நம் உருமிக்காரப் பையன்களிலும் பெண்பிள்ளைகளிலும் இரண்டு பேரையாவது அனுப்பி வையுங்கள். புதுச்சேரிக்குச் சுற்றுலாவாகப் போகிறவர்கள் கடற்கரையோடு திரும்பிவிடாமல், முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, ஒரு மாலை அந்தச் செம்மண் பாதையில் நடந்து போய்ப் பாருங்கள்.