கஞ்சாவும் நோன்மையும்

'நோன்மை' என்னும் தமிழ்ச்சொல் வலிமையையும் பொறுமையையும் ஒருங்கே உணர்த்துவது. ஒரு கணத்தில் வெளிப்பட்டு மறையும் ஆற்றலன்று. நெடுநேரம் நின்று தாங்கும் ஆற்றலே நோன்மை எனப்படும். நெடுந்தூர ஓட்டம், மிதிவண்டிப் போட்டி, கடல் நீச்சல் முதலியன இவ்வாற்றலை வேண்டி நிற்பன. யாழ்ப்பாணத்தவர்க்கு இதன் பொருளை விளக்கப் பிறநாட்டு எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. 1954ஆம் ஆண்டில் மு. நவரத்தினசாமி வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரை வரையும் பாக்குநீரிணையை 27 மணித்தியாலத்தில் நீந்திக் கடந்தார். 1971இல் 'ஆழிக்குமரன்' எனப் புகழ்பெற்ற வி. எஸ். குமார் ஆனந்தன் அந்நீரிணையை நீந்திச் சென்று, மீண்டும் நீந்தியே திரும்பினார். போய்வர 51 மணித்தியாலம் ஆயிற்று. இரவும் பகலும் உப்புநீரிற் கிடந்து, நீரோட்டத்தை எதிர்த்து, கைகளை ஓயாது வீசும் ஒருவரது உடல் எத்துணை நோவைத் தாங்கியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால் நோன்மையின் இயல்பு தானே விளங்கும்.

இத்தகைய நெடுமுயற்சியில் ஈடுபடுவோர் களைப்பையும் நோவையும் தணிக்கும் பொருள்களை நாடுதல் இயல்பே. அண்மைக் காலத்தில் மேலைநாட்டு நெடுந்தூர ஓட்டக்காரர் சிலரிடையே கஞ்சாவும், அச்செடியிலிருந்து பிரித்தெடுக்கப்படும் கனபிடியோல் என்னும் பொருள் சேர்ந்த எண்ணெயும் வழக்கில் வந்துள்ளன. முன்னையது ஓட்டத்தை இனிதாக்கும் என்பர். பின்னையது தசைநோவைப் போக்கி நல்ல நித்திரை தரும் என்பர். கைத்தொலைபேசி வழியாக இக்கூற்றுகள் யாழ்ப்பாண மாணவரையும் வந்தடைகின்றன. இவற்றுள் மெய்ப்பட்டது எது, மெய்ப்படாதது எது, மெய்ப்பட்டதற்கும் கொடுக்கவேண்டிய விலை யாது என்பனவற்றை ஆராய்ந்து தெளிதல் விளையாட்டுத்துறை மாணவர்க்கும் அவரை வழிநடத்தும் ஆசிரியர்க்கும் இன்றியமையாதது.

இவ்வெண்ணம் மேலைநாட்டில் இன்று தோன்றிய புதுமையன்று. பிரித்தானிய இந்திய அரசு கஞ்சா, பங்கு, சரசு ஆகியவற்றின் பயன்பாட்டை ஆராயும்பொருட்டு 1893இல் ஓர் ஆணைக்குழுவை நியமித்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சியரை விசாரித்து அக்குழு 1894இல் விரிந்த அறிக்கையொன்றைத் தந்தது. கடும் உழைப்பு நேரும்போது இப்பொருளை அளவாக உட்கொள்வோர் எனப் பல தொழிலாளரை அவ்வறிக்கை சுட்டுகின்றது. மல்லர், பல்லக்குச் சுமப்போர், சுமைகூலிகள், நீரில் மூழ்குவோர், அஞ்சல் கொண்டோடுவோர் ஆகியோர் அவருட் சிலர். பதக்கத்துக்காக ஓடாது கூலிக்காக ஓடினவராயினும் இவர்களையும் நோன்மையாளர் என்றே கொள்ளல் தகும்.

இவர்கள் கஞ்சாவிடம் பெற்றது யாது? ஒரு நாளின் வருத்தத்தை மறந்து மறுநாட் சுமையை ஏற்க அவர்க்கு அது துணைநின்றது. அதனால் அவர் விரைந்து ஓடினார் என்றோ, பாரத்தை மிகுதியாகச் சுமந்தார் என்றோ அளந்து காட்டியவர் எவருமிலர். வருத்தம் குறைந்ததாக உணர்தல் ஒன்று. வலிமை மிகுதல் வேறொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே இப்பொருள் பற்றிய மயக்கங்களுக்கெல்லாம் மூலமாகும்.

தமிழ் மருத்துவ மரபும் இச்செடியை நன்கறியும். சிவமூலி, சித்தமூலி, கோரக்கர் மூலி முதலிய பெயர்கள் சித்த மருத்துவத்தில் இதற்கு வழங்குகின்றன. ஆயின் அம்மரபு இதனைப் பறித்தவாறே கொடுப்பதில்லை. இலையை நீரிற் பலமுறை கழுவி, உலர்த்தி, நெய்யில் வறுத்துச் 'சுத்தி' செய்த பின்னரே பிற சரக்குகளுடன் சேர்ப்பது மரபு. நோய், நோயாளியின் உடல்நிலை, அளவு, அனுபானம், பத்தியம் என்பனவற்றை வைத்தியர் ஆராய்ந்தே மருந்தைத் தருவார். நோயற்றவன் தன் ஆற்றலைப் பெருக்கும்பொருட்டுத் தானே உட்கொள்வது அம்முறையுள் அடங்காது. ஆதலின், 'நம் முன்னோர் பயன்படுத்திய மூலிகைதானே' என்று கூறி அதனைத் தேடுவோர் முன்னோரின் பொருளை எடுத்துக்கொண்டு முறையைக் கைவிடுகின்றனர்.

இனி, அறிவியல் கூறுவதைக் காண்போர்க்கு முதலில் இரு பொருள்களை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். கஞ்சாச் செடியில் உள்ள நூற்றுக்கு மேற்பட்ட ஒத்தவினச் சேர்வைகளுள் இரண்டு தலைமையானவை. ஒன்று தெத்திராஐதரோகனபினோல், இது ரி.எச்.சி. எனச் சுருக்கமாக வழங்கும். மயக்கமும் களிப்பும் தருவது இதுவே. மற்றையது கனபிடியோல், இது சி.பி.டி. எனப்படும். இஃது அத்தகைய மயக்கத்தைத் தருவதில்லை. சி.பி.டி. 1940இல் பிரித்தெடுக்கப்பட்டது. ரி.எச்.சி.யைத் தூயநிலையிற் பிரித்து அதன் அமைப்பை 1964இல் வெளியிட்டவர் இசுரவேல் நாட்டு அறிஞர் இரபாயேல் மெச்சூலமும் அவருடன் பணிபுரிந்த யெகியேல் கவோனியும் ஆவர்.

ஒரு செடியின் பொருள் மனித மூளையில் இவ்வளவு திட்பமாகத் தொழிற்படுதல் எங்ஙனம் என்னும் வினா அறிஞரை நெடுங்காலம் வருத்தியது. 1988இல் மூளையில் இப்பொருள் சென்று பொருந்தும் வாங்கிகள் உள்ளமை கண்டறியப்பட்டது. பூட்டு இருப்பின் உடலினுள்ளேயே அதற்குரிய திறப்பும் இருத்தல் வேண்டுமன்றோ? 1992இல் மெச்சூலத்தின் ஆய்வுகூடத்தில் அத்திறப்பு அகப்பட்டது. உடல் தானே ஆக்கிக்கொள்ளும் அப்பொருளுக்கு 'ஆனந்தம்' என்னும் வடசொல்லை அடியாகக்கொண்டு ஆனந்தமைட்டு என்று பெயரிட்டனர்.

இக்கண்டுபிடிப்பு நெடுந்தூர ஓட்டக்காரரோடு நெருங்கிய தொடர்புடையது. நீண்டநேரம் ஓடியவர் ஒரு கட்டத்தில் நோவு மறைந்து, மனம் அமைதியுற்று, இனிமை தோன்றுவதை உணர்வர். இதற்கு எண்டோர்பின் எனப்படும் அபின் போன்ற உடற்பொருளே காரணம் என்று முன்னர்க் கருதினர். குருதியில் மிகும் எண்டோர்பின் மூளையினுள் எளிதிற் புகாது என்பது அக்கருத்துக்கு இடையூறாயிற்று. 2003இல் அமெரிக்க ஆய்வாளர், ஓட்டத்தாலும் மிதிவண்டிப் பயிற்சியாலும் குருதியில் ஆனந்தமைட்டு உயர்வதைக் காட்டினர். 2021இல் வெளிவந்த சேர்மானிய ஆய்வொன்றில், எண்டோர்பினின் தொழிலைத் தடுக்கும் மருந்தை உட்கொண்டு ஓடியவர்க்கும் அவ்வின்பம் குன்றாது தோன்றியது. எனவே ஓட்டத்தின் இன்பத்துக்கு எண்டோர்பின் இன்றியமையாததன்று என்பதும், உடலே ஆக்கும் கஞ்சாவொத்த பொருள்களுக்கு அதிற் பெரும்பங்கு உண்டென்பதும் பெரிதும் ஏற்கப்பட்டு வருகின்றன. கஞ்சாவைத் தேடும் ஓட்டக்காரன் புறத்தே தேடுவதற்கு ஒப்பானதொன்றை அவனது பயிற்சியே அகத்தே தருகின்றது.

புறத்திலிருந்து ரி.எச்.சி.யைச் சேர்த்தால் ஆற்றல் கூடுமா என்பது அடுத்த வினா. கிடைத்துள்ள சான்றுகள் கூடாது என்பதையே காட்டுகின்றன. 1986இல் கனடாவில் நிகழ்ந்த ஆய்வொன்றில், 12 பேர் கஞ்சா புகைத்த பின்னும் புகையாமலும் களைத்து ஓயும்வரை மிதிவண்டி மிதித்தனர். புகையாதபோது ஏறத்தாழ 16 நிமிடம் தாங்கினோர் புகைத்தபின் 15 நிமிடமே தாங்கினர். ரி.எச்.சி. இதயத்துடிப்பை விரைவாக்குவது, ஆதலின் ஒரே வேலைக்கு இதயம் மிகுதியாக உழைக்கின்றது. புகையிலுள்ள காபனோரொட்சைட்டு குருதியின் ஈமோகுளோபினைப் பற்றிக்கொண்டு ஒட்சிசனுக்குரிய இடத்தைக் கவர்கின்றது. 2023இல் அமெரிக்காவின் கொலராடோவில் 42 ஓட்டக்காரரைக்கொண்டு நடாத்திய ஆய்வும் கருதத்தக்கது. கஞ்சாவின்பின் ஓடியபோது ஓட்டம் இனிதாயிருந்தது என அவர்கள் கூறினர், ஆயின் ரி.எச்.சி. மிகுந்த வகையை உட்கொண்டோர் அதே ஓட்டம் தமக்குக் கடினமாகத் தோன்றியது எனவுங் கூறினர். இன்பம் கூடியது, இலகு கூடவில்லை.

வேறொரு குறையும் உண்டு. ரி.எச்.சி. கால உணர்வைத் திரிக்கும். சிறுபொழுது நெடும்பொழுதாகத் தோன்றும். நெடுந்தூரப் போட்டியாளன் தன் வேகத்தை வகுப்பது உள்ளத்திலுள்ள இக்கால அளவையைக் கொண்டேயாம். தொடக்கத்தில் எவ்வளவு செலவிடலாம், முடிவுக்கு எவ்வளவு எஞ்சவேண்டும் என்னும் கணக்குப் பிழைத்தால், பயிற்சி முழுதும் பயனற்றுப்போம். கடலில் நீந்துவோனுக்கோ அக்கணக்கு உயிர்க்கணக்காகும்.

சி.பி.டி.யின் நிலை சற்று வேறானது. மயக்கம் தராமையால் அதனைத் தீங்கற்றதெனப் பலர் கொள்வர். நெடுந்தூர ஓட்டக்காரர் நோவுக்கு வழக்கமாக உட்கொள்ளும் இபுபுரோபன் போன்ற மாத்திரைகள், உடல் நீர் வற்றிய வேளையிற் சிறுநீரகத்துக்கு ஊறு செய்யக்கூடும். ஆதலின் அதற்கு மாற்றுத் தேடுதல் அறியாமையன்று. சி.பி.டி. மெய்யாகவே மருந்தாகும் இடமும் உண்டு. குழந்தைப்பருவத்திற் தோன்றும் இருவகைக் கடும் வலிப்புநோய்களுக்கு அதனைக் கொடுக்க 2018இல் அமெரிக்க அரசு இசைந்தது. அம்மருத்துவத்தில் உடல்நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் அல்லது அதற்கு மேலும் கொடுப்பர். 60 கிலோகிராம் நிறையுடையவர்க்கு அது 600 மில்லிகிராம் ஆகும். அவ்வளவிற் கொடுக்கும்போது ஈரல் பாதிக்கப்படுகின்றதா எனக் குருதியைச் சோதித்துக்கொள்வர். கடைகளில் விற்கும் எண்ணெயை உட்கொள்வோர் பெரும்பாலும் சில பத்து மில்லிகிராமே பெறுவர். அச்சிறு அளவு ஓட்டக்காரரின் தசைநோவைத் தணிக்கும் என்பதற்கு உறுதியான சான்று இன்னும் கிட்டவில்லை.

இதனினும் பெரிய இடர் போத்தலின் உள்ளேயே இருக்கின்றது. 2017இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், இணையவழி விற்கப்பட்ட 84 சி.பி.டி. பண்டங்கள் சோதிக்கப்பட்டன. மேலுறையிற் குறித்த அளவுக்கு ஒத்திருந்தவை 31 வீதமே. 18 பண்டங்களில் ரி.எச்.சி.யும் கலந்திருந்தது. உறையை நம்பி உட்கொள்ளும் விளையாட்டுவீரன் தான் விலக்க எண்ணிய பொருளையே உட்கொள்ள நேர்கின்றது.

அவ்வாறு நேர்ந்தால் விதி அவனை மன்னிப்பதில்லை. 1998இல் நகானோ குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்குப் பலகையிற் பொற்பதக்கம் வென்ற கனடிய வீரர் ரொஸ் ரெபாலியாற்றி, சிறுநீரிற் கஞ்சாவின் சுவடு காணப்பட்டமையாற் பதக்கத்தை இழந்து, விதி தெளிவற்றிருந்த காரணத்தாற் பின்னர் மீளப்பெற்றார். விதிகளை ஒருமைப்படுத்த 1999இல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகம் நிறுவப்பட்டது. அது போட்டிக்காலத்திற் கஞ்சாவைத் தடைசெய்தது. 2013இல் சிறுநீரில் ஏற்கும் எல்லையை மில்லிலீற்றருக்கு 15 நனோகிராமிலிருந்து 150 நனோகிராமாக உயர்த்தியது. 2018 சனவரி முதலாந் தேதியிலிருந்து சி.பி.டி.யை மட்டும் பட்டியலிலிருந்து நீக்கியது. ஏனைய கஞ்சாச் சேர்வைகள் தடைக்குட்பட்டே உள்ளன. 2021இல் அமெரிக்க ஓட்டவீராங்கனை சாகாரி ரிச்சட்சன், தாயின் மறைவுத் துயரிற் கஞ்சா பயன்படுத்தியதாகக் கூறியும், ரோக்கியோ ஒலிம்பிக் வாய்ப்பை இழந்தார். 2023ஆம் ஆண்டுப் பட்டியலை வகுக்குமுன் இத்தடை மீளாராயப்பட்டது. உடல்நலத்துக்கு ஊறு, விளையாட்டின் பண்புக்கு மாறு என்னும் காரணங்களால் அது நீக்கப்படவில்லை. இம்முடிவு சரியா என்பது இன்றும் வாதத்துக்குரியது. எனினும் வாதம் முடியும்வரை விதி விதியே.

அவ்விதியின் உட்பொருள் இதுவே: உடலிற் காணப்படும் பொருளுக்கு உடலுக்குரியவனே பொறுப்பாளி. 'மூலிகை' என்பதும், 'வைத்தியர் தந்தது' என்பதும், 'உறையில் எழுதப்படவில்லை' என்பதும் விடையாகமாட்டா. மருந்து இன்றியமையாததாயின் சிகிச்சைக்கான விலக்கை உரிய முறையிற் பெறுதல் வேண்டும். மேலும் ரி.எச்.சி. உடற்கொழுப்பிற் தங்குவது, இடைவிடாது பழகியவரது சிறுநீரில் விட்டொழித்துப் பல நாட் கழித்தும் அதன் விளைபொருள் தோன்றக்கூடும். அத்தகையோர் உடற்பயிற்சி செய்யுங்கால், கொழுப்பிலிருந்து ரி.எச்.சி. வெளிப்பட்டுக் குருதியில் அதனளவு சிறிதுபொழுது சற்றே உயர்வதை 2013இல் அவுத்திரேலிய ஆய்வாளர் கண்டனர்.

இலங்கையில் விளையாட்டு விதிக்குமேல் நாட்டுச் சட்டமும் நிற்கின்றது. 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் விளையாட்டில் ஊக்கமருந்தைத் தடுப்பதற்கானது. நஞ்சுகள், அபின், அபாயகரமான ஔடதங்கள் பற்றிய 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கட்டளைச்சட்டமோ கஞ்சாவைப் பயிரிடுவதையும் வைத்திருப்பதையும் குற்றமாக்குகின்றது. சுதேச வைத்தியர் மருந்து செய்யும்பொருட்டு உரிய அனுமதியோடு பெறுவதற்கு வழி விடப்பட்டுள்ளது. அவ்வழி விளையாட்டுவீரனுக்குரிய வழியன்று. வெளிநாட்டிலுள்ள உறவினர் அன்பினால் அனுப்பும் எண்ணெய்ப் போத்தல், அந்நாட்டிற் கடைச்சரக்காயினும், இந்நாட்டில் வழக்குக்குரிய பொருளாக மாறக்கூடும்.

நவரத்தினசாமியும் ஆனந்தனும் நீந்திக் கடந்த பாக்குநீரிணை வழியாகவே 'கேரள கஞ்சா' எனப்படும் சரக்கு வடபகுதிக் கரைகளுக்குக் கடத்தப்படுகின்றது. அது கைப்பற்றப்படும் செய்தி நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றது. யாழ்ப்பாண மாணவனுக்குக் கஞ்சா தொலைதேசத்துச் செய்தியன்று. கைக்கெட்டும் தூரத்திலுள்ள பொருள். அதனால் 'தொடாதே' என்று வெறுமனே விலக்குதல் போதாது. நோவும் நித்திரையின்மையும் மாணவனுக்கு மெய்யான இடர்கள். அவற்றை அவன் ஆசிரியரிடம் அச்சமின்றிச் சொல்லக்கூடிய நிலை வேண்டும். பயிற்சியின் அளவைக் குறைத்தல், உணவையும் நீரையும் சீர்செய்தல், நித்திரைக்குக் காலம் ஒதுக்குதல், மருத்துவரை நாடுதல் ஆகிய வழிகளை ஆசிரியர் காட்டுதல் வேண்டும். கேட்பாரற்ற நோவே மாணவனைப் பிறர் தரும் போத்தலை நோக்கிச் செலுத்துவது.

களைப்பு ஓட்டக்காரனின் பகைவனன்று; உடல் தன் நிலையை அவனுக்கு அறிவிக்கும் வழியாகும். பயிற்சி என்பது அவ்வறிவிப்பைச் செவிமடுத்து, எங்கே தாங்கலாம், எங்கே நிற்கவேண்டும் என்று பகுத்தறியக் கற்றல். வலிமையும் பொறுமையும் கூடியதே நோன்மையென முன்னோர் ஒரு சொல்லில் அமைத்தனர். கஞ்சா அறிவிப்பின் ஒலியைத் தாழ்த்துமேயன்றி அவ்விரண்டில் ஒன்றையேனும் கூட்டியதாக ஆய்வுகள் காட்டவில்லை. சி.பி.டி. பற்றி நாளை ஆராய்ச்சி புதிய உண்மைகளைக் காட்டலாம். காட்டுமாயின் ஏற்றல் தகும். அதுவரை மாணவர் தம் உடலுக்கும் பெயருக்கும் நேரும் இழப்பை எண்ணி விலகி நிற்றலே அறிவுடைமையாகும்.