மூச்சுக்குத் துணையாகும் மூவகைக் கருவிகள்

இறைவன் விலையின்றி வழங்கிய அருட்கொடைகளுள் தலையாயது மூச்சு. ஆஸ்துமா நோயாளிக்கோ அதுவே கிடைத்தற்கரிய பொருளாகிவிடுகின்றது. மூச்சுக்குழல்கள் சுருங்கி வீங்கிச் சளியும் அடைக்குங்கால், மருந்தை நேரே நுரையீரலுக்குள் செலுத்துவதே விரைந்து பயன் தரும். அதற்குரிய கருவியே நெபுலைசர். காரைக்குடி போன்ற ஊர்களிலும் வீட்டிற்கென இதனை வாங்குவோர் உளர். எவ்வகை ஏற்றது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

நெபுலைசர் வைத்தல், ஆவி பிடித்தல் அன்று. இக்கருவி நீர்ம மருந்தையே நுண்துளிகளாக்குகின்றது. அத்துளிகள் 1 முதல் 5 மைக்ரான் அளவினவாக இருத்தல் நலம். பெரியவை தொண்டையிலேயே தங்கிவிடும்.

முதலாவது, ஜெட் வகை. குறுகிய துளை வழியே விரையும் காற்று, மருந்தை மேலே இழுத்துச் சிதறடிக்கும். பூச்சிமருந்து அடிக்கும் கைப்பம்பின் தத்துவமே இது. விலை குறைவு, சால்பியூட்டமால், பியூடிசோனைடு ஆகிய இரண்டிற்கும் ஏற்றது. எனினும் இரைச்சல் உண்டு. மருந்தில் ஒரு பகுதி கிண்ணத்திலேயே எஞ்சிவிடும்.

இரண்டாவது, அல்ட்ராசோனிக் வகை. இதிலுள்ள படிகம் நொடிக்குப் பத்து இலட்சம் முறைக்கு மேல் அதிர்ந்து மருந்தைத் துளிகளாக்கும். ஓசை மிகக் குறைவு. ஆயினும் மருந்து சூடேறும். நீரில் கரையாது மிதக்கும் பியூடிசோனைடுக்கு இது பொருந்தாது.

மூன்றாவது, மெஷ் வகை. நுண்துளைகள் பல நிறைந்த தகடு அதிர, மருந்து துளிகளாக வெளிப்படும். கையடக்கமானது, பேட்டரியால் இயங்குவதால் மின்தடையிலும் பயணத்திலும் உதவும், மருந்தும் வீணாவது குறைவு. ஆனால் விலை மிகுதி. தூய்மை தவறினால் துளைகள் அடைபடும்.

ஆகவே, வீட்டிற்கு ஜெட் வகையே பெரும்பாலும் போதும். இன்னும் சொல்லப்போனால், கடுமையல்லாத மூச்சுத்திணறலுக்கு, ஸ்பேசர் குழாயோடு பயன்படுத்தும் இன்ஹேலரே நெபுலைசருக்கு நிகரான பயன் தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. கருவி பெரிதாயின் பயனும் பெரிது என்னும் எண்ணம் பிழையே.

வீட்டில் கருவி இருக்கும் துணிவில் மருத்துவமனை செல்லத் தாழ்த்துவதே பேராபத்து. மருந்து வைத்த பின்னரும் பேச்சுத் தடுமாறினால், விலாவிடை உள்வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால், ஒரு நொடியும் தாமதித்தலாகாது. ஆங்கே ஆக்சிஜனாலேயே நெபுலைசரை இயக்கி மருந்தளிப்பர்.

ரமலானிலும் அன்றாடத் தடுப்பு மருந்தை நிறுத்துதல் கூடாது. மருத்துவர் ஆலோசனையுடன் ஸஹர் நேரத்திலும் நோன்பு திறந்த பின்னரும் அதனை அமைத்துக் கொள்ளலாம். பகலில் மூச்சுத் திணறினால் நோன்பை விட்டு மருந்து கொள்வதே கடமை. நோயாளி பின்னர் களாச் செய்ய மார்க்கம் இடமளித்துள்ளது. உயிரைக் காப்பதும் இறைவனுக்குச் செலுத்தும் நன்றியே என்பதை நாம் மறத்தலாகாது.